மணல்வாரி

கலைமதி கண்ணைத் திறக்கவில்லை.

காய்ச்சல் தணிந்துவிட்டிருந்தது. முகத்திலும் முதுகிலும் யாரோ மணலை வாரி இறைத்ததுபோலப் பரவியிருந்த தடிப்புகள் கறுக்கத் தொடங்கியிருந்தன. மணல்வாரி அம்மை இறங்குகிறது, இனிப் பயமில்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் நான்கு வயதுப் பிள்ளை கண்ணைத் திறக்காமல், வேப்பிலை பரப்பிய பழைய சேலையின்மேல், கதவுக்கு முதுகைக் காட்டிச் சுருண்டு கிடந்தாள்.

சாலம்மாளுக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்படிக்குப் போனாள், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பினாள். மோரில் கரைத்த கேழ்வரகுக் கூழைக் கிண்ணத்தில் ஊற்றி மகளிடம் நீட்டினாள்; பிள்ளை வேண்டாம் என்று தலையை அசைத்ததும் அதைப் பானையிலேயே திரும்பக் கவிழ்த்தாள். வாசலுக்குப் போய், நிலையில் செருகியிருந்த வேப்பங்கொத்தைத் தொட்டுப் பார்த்தாள். அது இன்னும் வாடவில்லை. மறுபடியும் உள்ளே வந்தாள்.

"ஆத்தா வெளையாடிட்டுப் போறா. நீ எதுக்குடி இப்படி உள்ளுக்கும் வெளிக்கும் அலைஞ்சுக்கிட்டு இருக்கற?" என்றாள் குள்ளம்மாள். சாலம்மாளின் புருஷனுக்கு அக்கா, அடுத்த வீட்டுக்காரி. அம்மை வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் என்ன சமைக்க வேண்டும், யார் உள்ளே வரலாம், பிள்ளைக்கு என்றைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது என்பதெல்லாம் அவள் சொல்வதுதான். எண்ணெய்ச்சட்டி அடுப்பில் ஏறவில்லை. தாளிப்பு வாசம் இல்லை. முட்டை, கறி என்ற பேச்சே கூடாது.

"கண்ணத் தொறக்க மாட்டேங்கறா அண்ணி."

"வெளிச்சம் கூசும். அம்மை போட்ட எந்தப் புள்ள கண்ணத் தொறந்திருக்குது?"

வத்தல்மலையின் மேற்குக் கோடியில் இருந்த அந்தச் சின்ன ஊரில் அந்த வாரம்தான் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடிந்து அதை அவிழ்க்கும்வரை ஊர்க்காரர்கள் யாரும் எல்லை தாண்டிப் போய் வெளியில் தங்கக் கூடாது. வெளியாட்கள் வந்து தங்கவும் கூடாது. சாலம்மாளின் புருஷன் தீர்த்தகிரி இந்த வருஷம் அக்கினிச்சட்டி எடுப்பதாக வேண்டிக்கொண்டு, மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டி, கோயில் கொட்டகையிலேயே படுத்துக்கொண்டிருந்தான். குடகுக்குப் போன குடும்பமெல்லாம் நோய் நொடியில்லாமல் திரும்பி வந்ததற்காக அந்த வேண்டுதல்.

தைக்கு முன்னால் போனவர்கள். காப்பிப் பழம் பறிக்க ஆள் சேர்க்கும் மேஸ்திரி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். எஸ்டேட்டில் வரிசையாகக் கட்டிய தகரக் கூரை வீடுகள். விடியும் முன் வேலைக்குப் போய் இருட்டும்போது திரும்புவார்கள். சோறும் தண்ணீர்போல ஒரு ரசமும், சில நாள் ஊறுகாயும். அதைத் தின்றுதான் பிள்ளைகளும் இருந்தன. போன வருஷமும் அப்படித்தான், அதற்கு முந்தைய வருஷங்களிலும் அப்படித்தான். கலைமதிக்கு ஒன்பதாம் மாத ஊசி போட வேண்டிய சமயத்தில் சாலம்மாள் அவளை முதுகில் கட்டிக்கொண்டு காப்பிச் செடிக்கு நடுவில் நின்றிருந்தாள்.

அங்கே பொழுது சாய்ந்தால் யாரும் வெளியில் இறங்கமாட்டார்கள். யானை வரும். விளக்கு வைக்கும் நேரம் ஆனதும் கலைமதி அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டாள். சுவரைத் தடவிக்கொண்டு நடப்பாள். பக்கத்து அறையில் இருந்த நஞ்சம்மாளின் மகன் அன்புவும் அப்படித்தான். ஓடி விளையாடுகிற கூட்டத்தில் சூரியன் இறங்கியதும் அவன் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றுவிடுவான். "ஆனைக்குப் பயப்படறதுல ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சளைச்சதில்ல" என்று இரண்டு தாய்களும் சிரித்திருக்கிறார்கள். ஊர் திரும்பிய பிறகும் பயம் தெளியவில்லையே என்று சாலம்மாள் நினைத்ததுண்டு. பிள்ளையின் வெள்ளை விழியின் ஓரத்தில் சோப்பு நுரைபோல ஏதோ ஒட்டியிருந்ததைப் பீளை என்று துடைத்துப் பார்த்ததும் உண்டு. அது போகவில்லை. அப்புறம் மறந்துபோனாள்.

இப்போது அன்புவுக்கும் அம்மை. இன்னும் இரண்டு மூன்று வீடுகளின் நிலையிலும் வேப்பிலை தொங்கியது.

குள்ளம்மாள் ஏதோ எடுத்துவரத் தன் வீட்டுக்குப் போன நேரத்தில் சாலம்மாள் மகளைத் தூக்கிக்கொண்டு வாசற்படிக்கு வந்தாள். வெளிச்சம் பட்டதும் பிள்ளை வீறிட்டு, முகத்தை அம்மாவின் மார்பில் புதைத்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு தடவ கண்ணு. அம்மாவப் பாரு. அப்புறம் தூங்கலாம்."

விரலால் இமையை மெல்லத் தூக்கினாள். எப்போதும் மகளின் கண்ணை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தால் அதற்குள் தன் முகம் சின்னதாகத் தெரியும். இப்போது ஒன்றும் தெரியவில்லை. இடது கண் பளபளப்பு இழந்து, தூசி படிந்த கோலிக்குண்டுபோல இருந்தது. வலது கண்ணின் கருவிழியில், கீழ் ஓரத்தில், வெந்த சவ்வரிசிபோல ஒரு வெண்மை. அது மேலே தடவியதாக இல்லை. கண்ணே அப்படி ஆகியிருந்தது.

சாலம்மாள் தண்ணீர் டம்ளரை மகளின் முன்னால் நீட்டினாள். "இந்தா, புடி."

பிள்ளையின் கை டம்ளருக்குப் பக்கத்தில், வெறும் காற்றில் மூடித் திறந்தது.

அப்போதுதான் குள்ளம்மாள் திரும்பி வந்தாள். உள்ளங்கையில் நந்தியாவட்டைப் பூவைக் கசக்கி வைத்திருந்தாள். "ஆத்தா கண்ணுல எறங்கியிருக்கா. ரெண்டு சொட்டு உட்டா எரிச்சல் அடங்கிடும். தலைய நல்லாப் புடிச்சுக்க."

சாலம்மாள் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தக் கையை அவள் தடுத்ததில்லை. தானே அதை எதிர்பார்க்கவில்லை.

"வேணாம் அண்ணி."

"என்னா வேணாம்?"

"எதுவும் ஊத்த வேணாம்."

குள்ளம்மாள் பூவை முற்றத்தில் எறிந்துவிட்டு, "அப்ப நீயே பாத்துக்க" என்று திரும்பிப் போனாள். கோபத்தைவிட அதில் வருத்தம்தான் இருந்தது. அவளும் அந்தப் பிள்ளையைத் தூக்கி வளர்த்தவள்.

சாலம்மாள் மகளை உள்ளே படுக்கவைத்துவிட்டுக் கோயில் பக்கம் ஓடினாள். அம்மை வந்த வீட்டுக்காரி கொட்டகைக்குள் போக முடியாது. மைதானத்துக்கு இந்தப் பக்கமே நின்று, பம்பைச் சத்தத்துக்கு மேல் கூப்பிட்டாள். தீர்த்தகிரி எழுந்து வந்தான். இரண்டு பேருக்கும் நடுவில் பத்தடி இடைவெளி இருந்தது.

"ஏங்க, புள்ள கண்ணு போவுதுங்க."

"பீளை கட்டியிருக்குதுன்னு அக்கா சொல்லுச்சே."

"பீளை இல்ல. நான் தொறந்து பாத்துட்டன். கையில டம்ளரக் குடுத்தாப் புடிக்கத் தெரியல அவளுக்கு. நான் கீழ எறங்கறன்."

அவன் மணிக்கட்டில் கட்டியிருந்த கயிற்றைத் திருகிக்கொண்டே நின்றான். பின்னால் கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்கள் இந்தப் பக்கமே பார்த்தார்கள்.

"காப்புக் கட்டியிருக்குதுடி. சட்டி எடுக்கப்போறது நானு. எம் பொண்டாட்டியே எல்ல தாண்டினா ஊரு என்னா பேசும்? காப்பு அவுக்கற வரைக்கும் பொறு. நானே தூக்கிக்கிட்டு வர்றன்."

"அதுவரைக்கும் கண்ணு பொறுக்குமா?"

பம்பை நின்று மறுபடி தொடங்கியது. அவன் இடுப்பிலிருந்து செல்போனை எடுத்துக் குனிந்து தரையில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனான்.

"நான் உன்ன எதுவும் கேக்கல. நீயும் எங்கிட்ட எதுவும் சொல்லல" என்றான். "சார்ஜ் கொஞ்சந்தான் இருக்குது. பாத்துப் பேசு."

சாலம்மாள் போனை எடுத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போய்ப் பிள்ளையை ஒரு துப்பட்டாவில் சுற்றித் தூக்கினாள். ஊர் வழியாகப் போகாமல், சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில் காப்பிச் செடிகளுக்குள் புகுந்து, பக்கத்து ஊர் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தாள். பிள்ளை தோளில் இருமிக்கொண்டே வந்தாள். எல்லைக் கல்லைத் தாண்டினாள். 'என்ன வேணும்னாலும் எனக்குச் செய் ஆத்தா' என்று நினைத்துக்கொண்டு, நிற்காமல் நடந்தாள்.

மதிய பஸ்ஸில் கூட்டம் இருந்தது. நடு இருக்கையில் இடம் கிடைத்து உட்கார்ந்த பிறகுதான் முன்னால் இருந்தவளின் மடியில் கைக்குழந்தை இருப்பதைப் பார்த்தாள். அது தோளுக்கு மேல் எட்டிக் கலைமதியின் துப்பட்டாவைப் பிடிக்கக் கையை நீட்டியது. சாலம்மாள் துள்ளி எழுந்தாள்.

"ஏம்மா, உக்காரு. வளைவுல உழுந்துருவ" என்றார் கண்டக்டர்.

"புள்ளைக்கு அம்மை போட்டிருக்குதுங்க. நான் கடைசியில போயிடறன்."

பஸ்ஸில் ஒரு சலசலப்பு எழுந்தது. "இதோட எதுக்கு பஸ்ல ஏறின?" என்றது ஒரு குரல். இன்னொருத்தி மடியிலிருந்த பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கைக்குழந்தைக்காரி ஜன்னல் பக்கம் திரும்பி, முந்தானையால் குழந்தையை மூடினாள். கண்டக்டர் கடைசி இருக்கையைக் காலி செய்து கொடுத்துவிட்டு ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டார். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் மெல்ல இறங்கியது. ஒவ்வொரு திருப்பத்திலும் டிரைவர் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் சாலம்மாளின் பாதமும் தகரத் தரையை முன்னால் தள்ளியது.

அடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காலைக் கூட்டம் கலைந்துபோயிருந்தது. டாக்டர் அமுதவல்லி ஸ்கூட்டரில் ஏறி, ஹெல்மெட்டைப் போட்டுவிட்டிருந்தார். சாலம்மாள் வண்டிக்கு முன்னால் போய் நின்றாள். துப்பட்டாவை விலக்கிக் காட்டினாள். டாக்டர் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

உள்ளே மேசைமேல் படுக்கவைத்து, டார்ச் அடித்து, இமையை விரித்துப் பார்த்தார். நர்ஸிடம் ஏதோ சொன்னார். நர்ஸ் ஓடினார்.

"கண்ணுல ஏதாச்சும் ஊத்தினீங்களா? தாய்ப்பால், எலச்சாறு?"

"இல்லீங்க. ஊத்த வந்தாங்க. நான் உடல."

"நல்லது பண்ண. இந்தப் பாப்பா பொழுது சாஞ்சா தடுமாறுவாளா? எதுலயாச்சும் இடிச்சுக்குவாளா?"

"ஆனைக்குப் பயந்துக்கறான்னு நெனச்சங்க."

"எத்தனை மாசமா?"

"எஸ்டேட்டுக்குப் போனதுலருந்துங்க."

நர்ஸ் ஒரு பாட்டிலும் பிளாஸ்டிக் கரண்டியும் கொண்டுவந்தார். மஞ்சளாக, எண்ணெய்போல இருந்த மருந்தை டாக்டர் தன் கையாலேயே பிள்ளையின் வாயில் ஊற்றி, விழுங்குகிறவரை தாடையைப் பிடித்திருந்தார்.

"இது வைட்டமின் ஏ" என்றார். "கண்ணுக்கும் வேணும், நோயை எதிர்க்கறதுக்கும் வேணும். கீரை, முட்டை, பால், மாம்பழம், பப்பாளி, இதுலருந்தெல்லாம் வந்து உடம்புல சேந்திருக்கும். உன் புள்ள உடம்புல ஏற்கெனவே காலி. மாலைக்கண்ணு வந்தது அதனாலதான். அது மேல இந்தத் தட்டம்மை, உங்க மணல்வாரி, வந்து, ஒட்டிக்கிட்டிருந்த மிச்சத்தையும் உறிஞ்சிடுச்சு. அதான் கண்ணு காய்ஞ்சு கரைய ஆரம்பிச்சிருக்கு."

"சரியாயிடுங்களா?"

டாக்டர் பாட்டிலை மூடினார். "இடது கண்ணுக்கு நேரம் இருக்கு. வலது கண்ண தருமபுரியில கண் டாக்டர் பாக்கட்டும். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு." பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார். "உங்க ஊர்ல வேற யார் யாருக்கு அம்மை போட்டிருக்கு?"

சாலம்மாள் துப்பட்டாவை இழுத்து மகளின் காலை மூடினாள். சொன்னால் இவர்கள் ஜீப் எடுத்துக்கொண்டு மேலே போவார்கள். காப்புக் கட்டிய ஊருக்குள், வேப்பிலை தொங்கும் வீடுகளுக்குள் போவார்கள். யார் சொன்னது என்று யாரும் கேட்கவே தேவையிருக்காது. கொட்டகையில் மஞ்சள் கயிறோடு உட்கார்ந்திருக்கிறவனை எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

"ஏம்மா?"

"காப்புக் கட்டியிருக்குதுங்க. ஊசி, மருந்துன்னு போனா உள்ள உடமாட்டாங்க."

"உடலைன்னா திரும்பி வர்றேன். யார்னு மட்டும் சொல்லு."

கலைமதி மேசைமேல் கிடந்தபடி கையை நீட்டித் துழாவினாள். அம்மாவின் வளையலைத் தொட்டதும் பிடித்துக்கொண்டாள். சாலம்மாள் வீடு வீடாகச் சொன்னாள். நஞ்சம்மாளின் வீடு, அதை ஒட்டியிருக்கும் பூசாரி வீடு, தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னாலிருந்த இரண்டு வீடுகள். பூசாரி வீட்டில் மருமகள் ராமக்காவின் கைக்குழந்தைக்கு நேற்றுத்தான் காய்ச்சல் கண்டிருப்பதாகக் கேள்விப்பட்டதையும் சொன்னாள்.

தருமபுரி பெரியாஸ்பத்திரியில் பிள்ளையைத் தனி அறையில் வைத்தார்கள். கண் டாக்டர் பெரிய விளக்கின் கீழ் வெகுநேரம் பார்த்தார். வலது கண்ணில் கருவிழி கரைந்து ஓட்டை விழுந்துவிட்டது என்றார். காயம் ஆறித் தழும்பாகும், பார்வை வராது. இடது கண்ணைக் காப்பாற்றிவிடலாம் என்று நம்புவதாகச் சொன்னார். வலது கண்ணின்மேல் ஒரு மூடியை வைத்து ஒட்டினார்கள். கையால் தொடவிடக் கூடாது, அழவிடக் கூடாது என்றார்கள். சாலம்மாள் தலையை ஆட்டினாள். அழாமலிருக்க வேண்டியது பிள்ளை மட்டுமில்லை என்று அவளுக்குப் புரிந்தது.

மறுநாள் காலையில் இரண்டாவது முறை மருந்து ஊற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுத்தால் தீர்த்தகிரியின் குரல். ஊருக்கு ஜீப்பில் வந்திருந்த நர்ஸின் போனிலிருந்து பேசினான்.

"என்னாடி சொல்லி உட்ட அவங்ககிட்ட? ஜீப்ல வந்து எல்லைக் கல்லுகிட்ட நிக்கறாங்க. ஊரே கூடிப்போச்சு. எல்லாரும் என் மூஞ்சியவே பாக்கறாங்க."

"ஏங்க…"

"நான் சட்டி எடுக்கறதா வேணாமான்னு பேசிக்கிட்டு இருக்காங்க, தெரியுமா உனக்கு?"

"வலது கண்ணு போச்சுங்க."

யார் யாரோ கத்துவது தூரத்தில் கேட்டது.

"முழுசாவா?" என்றான், கடைசியில்.

"முழுசா. இனிமே வராதுன்னுட்டாங்க."

"இன்னொண்ணு?"

"இருக்குது. வாயில ஒரு மருந்து ஊத்தினாங்க. அதனால இருக்குது. அந்த மருந்துதான் அந்த ஜீப்புல இருக்குதுங்க."

பிறகு நடக்கும் சத்தம். நடுவில் யாரோ, "தீர்த்தகிரி, எங்கடா அவங்களக் கூட்டிக்கிட்டுப் போற?" என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

"நஞ்சம்மா தொறக்க மாட்டேங்கறா" என்றான். "நீ பேசு. ஸ்பீக்கர் போட்டுக் கதவுகிட்ட வச்சுப் புடிச்சிருக்கறன்."

"நஞ்சு" என்றாள் சாலம்மாள். எழுந்து நின்றாள். ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் நடந்தாள். "நஞ்சு, நாந்தான்."

"நீ ஊர உட்டுப் போனவ" என்று கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "ஆத்தா கோவத்த எங்க தலையில எறக்கிட்டுப் போயிட்ட. உம் புள்ளையோட உன் வழியப் பாத்துக்க."

"அன்பு விளக்கு வெக்கற நேரத்துல நின்ன எடத்துலயே நிப்பானே, இன்னும் அப்படித்தான் நிக்கறானா?"

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது.

"எம் புள்ள செவுத்தப் புடிச்சுக்கிட்டு நடந்தா. ஆனைக்குப் பயம்னு நீயும் நானும் சிரிச்சம். அது பயமில்ல நஞ்சு. அதுங்களுக்குக் கண்ணு தெரியல. நம்ம பக்கத்துலயே நின்னுக்கிட்டு இருந்துச்சுங்க, கண்ணு தெரியாம. நமக்குத் தெரியல." கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "ஊசி இல்ல. வாயில ஊத்தற மருந்து. எண்ணெ மாதிரி இருக்கும். வேப்பிலையும் இருக்கட்டும், அதுவும் இருக்கட்டும். அவன் கண்ணத் தொறந்து உள்ள உன் மூஞ்சி தெரியுதான்னு பாரு. தெரியலைன்னா…"

போன் அணைந்துவிட்டது. சார்ஜ் தீர்ந்திருந்தது. சாலம்மாள் செத்த போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம்வரை எந்தத் தகவலும் இல்லை. வாசலில் ஒவ்வொரு காலடி கேட்கும்போதும் எழுந்து போய்ப் பார்த்தாள். இட்லி வாங்கி வந்தவள் அதைப் பிரிக்காமலேயே மறந்தாள். பொழுது இறங்கும் நேரத்தில் டாக்டர் அமுதவல்லி வார்டுக்கு நேரிலேயே வந்தார். கால்செருப்பெல்லாம் செம்மண்.

"நஞ்சம்மா தொறந்துட்டா" என்றார். "அந்தப் பையன் கண்ணுல வெறும் வறட்சிதான். தப்பிச்சான். தொட்டிக்குப் பின்னாடி ரெண்டு வீட்டுலயும் குடுத்தாச்சு. உன் வீட்டுக்காரர்தான் கூடவே வந்தார்." செருப்பைக் கழற்றிக்கொண்டே, "பூசாரி வீடு மட்டும் தொறக்கல" என்றார். "நாளைக்கு மறுபடி போறேன்."

அவர் மறுநாளும் போனார். கதவு மூடியேதான் இருந்தது. காப்பு அவிழ்த்த அன்றைக்கு அவர்களே குழந்தையைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடிவந்தார்கள். அதற்குள் நுரையீரலில் சளி கட்டியிருந்தது. குழந்தை பாதி வழியில் இறந்துபோனது.

கலைமதியின் இடது கண் நாளுக்கு நாள் தெளிந்தது. ஒரு காலையில் அவள் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீ ஏன் பொட்டு வெக்கல?" என்று கேட்டாள். சாலம்மாள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அவர்கள் ஊர் திரும்பியபோது குழாயடியில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். சிலர் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். காப்பை மீறிப் போனவளால்தான் பூசாரி வீட்டில் சாவு விழுந்தது என்று பேச்சு இருப்பதைக் குள்ளம்மாள் சொன்னாள். சொல்லிவிட்டு, பிள்ளையின் முகத்தைக் கையில் ஏந்தி, வெண்மை படிந்த வலது கண்ணை வெகுநேரம் பார்த்தாள்.

"அன்னிக்கு நான் உங்கையத் தள்ளிட்டுச் சாற ஊத்தியிருந்தா?" என்றாள்.

"உடுங்க அண்ணி."

"ரெண்டும் போயிருக்குமா?"

"தெரியல அண்ணி. உடுங்க."

குள்ளம்மாள் அன்றைக்கு மத்தியானம் முருங்கைக்கீரை ஆய்ந்து, எண்ணெய் தாராளமாக விட்டு வதக்கி, மேலே முட்டையை உடைத்து ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள்.

சில நாள் கழித்து ராமக்கா வந்தாள். வீட்டுக்குள் வரவில்லை, வேலிப்படலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து சாலம்மாள் எழுந்தாள்.

"நீ நஞ்சம்மாகிட்ட பேசினது எனக்குக் கேட்டுது" என்றாள் ராமக்கா. "செவுத்துக்கு அந்தப் பக்கந்தான் நின்னுக்கிட்டு இருந்தன். புள்ள தோள்ல இருந்துச்சு. மாமனார் வாசல்ல உக்காந்திருந்தாரு."

சாலம்மாள் படலுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றாள்.

"அடுத்தது எம் பேரச் சொல்லுவன்னு பாத்தன். ஒரு வார்த்த என்னையும் கூப்புட்டிருந்தா, அந்தாளத் தாண்டிக்கிட்டு வந்து தொறந்திருப்பன்."

"போன் நின்னுபோச்சு ராமக்கா. சார்ஜ் இல்ல."

"ஓ" என்றாள் ராமக்கா. அதை எங்கே வைப்பது என்று தெரியாதவள்போலக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு படலை விட்டுவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு சாலம்மாளுக்குத் தூக்கம் கெட்டது. போன் அணையாமல் இருந்திருந்தால் ராமக்காவைக் கூப்பிட்டிருப்பாளா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். கூப்பிட்டிருப்பேன் என்று சில நேரம் தோன்றும். நினைப்பே வந்திருக்காது என்று சில நேரம் தோன்றும். அங்கன்வாடியில் சொட்டு மருந்தோ ஊசியோ போடும் நாள் வந்தால், முந்தின நாளே அவள் வீடு வீடாகப் போய்ச் சொல்லத் தொடங்கினாள். சிலர் முகம் கொடுத்துப் பேசினார்கள். சிலர் நாயை அதட்டுவதுபோல அதட்டினார்கள். பூசாரி வீட்டு வாசலில் மட்டும் அவள் நிற்கமாட்டாள். அங்கே போனால் கால் தானாக வேகம் எடுக்கும்.

கார்த்திகை முடியும்போது மேஸ்திரி வந்தான். குடகில் பழம் சிவந்துவிட்டது, ஆள் வேண்டும் என்றான்.

"அங்க புள்ளைங்களுக்கு ஊசி போட, முட்ட குடுக்க யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டாள் சாலம்மாள்.

மேஸ்திரி சிரித்தான். "பழம் பறிக்க வர்றியா, பள்ளிக்கூடம் பாக்க வர்றியா?"

"அப்ப நான் வரல."

தீர்த்தகிரி அவளைப் பார்த்தான். இரண்டு பேராகப் போனாலே வருஷம் ஓடுவது கஷ்டம் என்று இருவருக்கும் தெரியும். அவன் வாதாடவில்லை. "நான் மட்டும் போறன்" என்றான் மேஸ்திரியிடம். நஞ்சம்மாளும் அந்த வருஷம் போகவில்லை. அவள் புருஷன்தான் போனான்.

புறப்படும் அன்று ஆட்களை ஏற்ற வேன் ஊர் முகப்பில் நின்றது. தீர்த்தகிரி மகளைத் தூக்கி முத்தம் கொடுத்து இறக்கிவிட்டு ஏறினான். வேன் கிளம்பி, கலைமதி நின்ற இடத்தின் வலப்பக்கமாக உருண்டது. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அவள் ஒரு நொடி தடுமாறினாள். "அப்பா எங்க?" என்றாள்.

"இந்தப் பக்கம் கண்ணு" என்றாள் சாலம்மாள்.

பிள்ளை உடம்பையே முழுசாகத் திருப்பி, தலையைச் சாய்த்து, இடது கண்ணால் தேடினாள். பின் ஜன்னலில் ஆடிக்கொண்டிருந்த கையைக் கண்டுபிடித்ததும், வேன் முதல் வளைவில் மறைகிறவரை தன் கையை ஆட்டிக்கொண்டே நின்றாள்.